வீரிய ஒட்டு மக்காச்சோளம் போட்டும் மகசூல் ஏன் கூடவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: நாட்டு ரகத்தை விட்டு வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு மாறி இரண்டு பட்டம் முடிந்தும் ஏக்கருக்கு 18 குவிண்டாலைத் தாண்டவில்லை. இதைவிட உயர்ந்த விதை எது? கையில் இருக்கும் அறுவடையில் நல்ல கதிராகப் பொறுக்கி அடுத்த பட்டத்துக்கு விதையாக வைத்துக்கொள்ளலாமா? விதையின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 18 குவிண்டாலில் நிற்கும் வயலில் விதையை மட்டும் மாற்றினால், அடுத்த முறையும் பெரும்பாலும் 18-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே இந்த விதை தரக்கூடிய மகசூல் எந்தக் கட்டத்தில் கழிந்துபோகிறது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். விதைத் தேர்வும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. ஒட்டு விதையின் அறுவடையை மறுபடி விதைக்காதீர்கள். மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கையில் வாழும் பயிர். அதைப் பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து இரண்டு தூய வழிகளை உருவாக்கி, அந்த இரண்டையும் கலந்து எடுக்கும் முதல் தலைமுறைதான் பையில் வருவது. தூய வழிகள் இரண்டும் குட்டையாக, நோஞ்சானாக, கதிர் சிறுத்து இருக்கும். கலந்ததும் வீரியம் பொங்கும். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: பெற்றோரின் சராசரி ஹெக்டேருக்கு 2 டன், ஒட்டு தருவது 8 டன். நடுவில் உள்ள 6 டன்தான் வீரியம். அடுத்த தலைமுறையில் அதில் பாதி கரைந்துவிடும். மிஞ்சுவது 5 டன். இது இப்படி இரண்டு தூய வழிகள் மட்டும் கலந்த ஒற்றை ஒட்டுக்கு மரபியல் சொல்லும் கணக்கு. மூன்று தூய வழிகள் கலந்த மூவழி ஒட்டிலும், நான்கு கலந்த இரட்டை ஒட்டிலும் இழப்பு கொஞ்சம் குறையும். அதோடு செடி உயரமும் பூக்கும் நாளும் கலைந்து, வயல் ஒரே சீராக வராது. பெரிய கதிராகப் பொறுக்குவதால் இது மாறாது. அந்தக் கதிர் பெரிதானது தாய்ச் செடியின் வீரியத்தால். அதில் உள்ள ஒவ்வொரு மணியிலும் மரபணுக்கள் கலைவது ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது.

இனி, ஒட்டு விதையின் வீரியம் எங்கே வெளிப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தூய வழிகளைக் கலந்தால் வீரியம் கிடைக்கும் என்று அமெரிக்கத் தாவர விஞ்ஞானி ஜார்ஜ் ஷல் எழுதியது 1908-ல். இன்னொரு அமெரிக்க விஞ்ஞானி டொனால்டு ஜோன்ஸ் வகுத்த இரட்டை ஒட்டு முறையால் விதை உற்பத்தி மலிவானதும், 1930-களில் அமெரிக்க விவசாயிகள் பெருமளவில் மாறினார்கள். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக ஹெக்டேருக்கு 1.6 டன் அளவிலேயே நின்ற அந்நாட்டுச் சராசரி, இன்று 11 டன்னை ஒட்டி இருக்கிறது. பழைய ஒட்டுகளையும் புதிய ஒட்டுகளையும் ஒரே வயலில் போட்டுப் பார்த்த சோதனைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. செடிகளை மிகவும் தள்ளித் தள்ளி நட்டால் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் சொற்பம்தான். நெருக்கி நட்டால்தான் இடைவெளி விரிகிறது. பழைய ஒட்டு நெருக்கத்தில் கதிரே பிடிக்காமல் மலடாகும், சாயும். புதியது நெருக்கத்தைத் தாங்கி, ஒவ்வொரு செடியிலும் ஒரு முழுக் கதிரைக் காப்பாற்றிக்கொள்ளும். அங்கே ஹெக்டேருக்குச் சுமார் 30,000 ஆக இருந்த செடி எண்ணிக்கை இன்று 80,000 அளவுக்கு ஏறியிருப்பது அதனால்தான். நாட்டு ரகத்துக்கு விட்ட இடைவெளியிலேயே ஒட்டு விதையையும் ஊன்றினால், விலை கொடுத்து வாங்கிய குணம் வயலில் வேலை செய்ய வாய்ப்பே கிடைக்காது. ஏறிய மகசூலில் விதையின் பங்கு எவ்வளவு, உரம், களை, சாகுபடி முறைகளின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. ஒன்றில்லாமல் மற்றது பலிக்காது என்பதால், கூறுபோட்டுப் பார்ப்பதே கொஞ்சம் செயற்கையானது.

இப்போது உங்கள் 18 குவிண்டாலைப் பிரித்துப் பார்ப்போம். மகசூல் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: செடிகள், செடிக்குக் கதிர், கதிருக்கு மணிகள், மணியின் எடை. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 26,667 செடி. ஒரு கதிரில் 14 வரிசை, வரிசைக்கு 30 மணி என்றால் 420 மணி. ஆயிரம் மணியின் எடை 280 கிராம் என்று வைத்தால், ஒரு கதிர் 117 கிராமுக்குச் சற்று மேல். எல்லாச் செடியும் நின்று, எல்லாம் கதிர் பிடித்தால் 31 குவிண்டால். உங்கள் 18 குவிண்டால் இரண்டு வழியில் வந்திருக்கலாம். அப்படிப்பட்ட முழுக் கதிர்கள் 15,300 மட்டுமே வயலில் இருந்திருக்கலாம். அல்லது 26,667 செடியும் நின்று, ஒவ்வொன்றும் 67 கிராம் மட்டுமே கொடுத்திருக்கலாம். முதலாவது விதைப்பிலும் முளைப்பிலும் ஏற்பட்ட இழப்பு. இரண்டாவது தழைச்சத்திலோ (நைட்ரஜன்), தண்ணீரிலோ, பூக்கும் வாரத்திலோ ஏற்பட்ட இழப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு. எது உங்கள் வயலில் நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எண்ணும் முறை எளிது. 60 செ.மீ. வரிசையில் 6.74 மீட்டர் நீளம் என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 75 செ.மீ. வரிசை என்றால் 5.40 மீட்டர். அந்த நீளத்துக்குக் கயிறு வெட்டிக்கொண்டு வயலில் பத்து இடங்களில் வைத்து, உள்ளே நிற்கும் செடிகளை எண்ணுங்கள். சராசரியை ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கான எண்ணிக்கை. முளைத்த மூன்றாம் வாரம் ஒருமுறை, அறுவடைக்கு முன் கதிர்களை மட்டும் ஒருமுறை எண்ண வேண்டும். வரப்போரத்தையும் வாய்க்கால் தலைப்பையும் மட்டும் பார்த்து எண்ணாதீர்கள்; ஓரத்துச் செடிகளுக்கு வெளிச்சம் அதிகம், எப்போதும் செழிப்பாகத்தான் தெரியும்.

எண்ணிக்கை குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் ஆழமும் ஈரமும்தான். விதை 4 முதல் 5 செ.மீ. ஆழத்தில், ஈர மண்ணைத் தொட்டபடி இருக்க வேண்டும். மக்காச்சோள விதை முளைக்கத் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சியாக வேண்டும். ஒரு விதை ஈரத்திலும் பக்கத்து விதை காய்ந்த கட்டியிலும் விழுந்தால், ஒன்று ஐந்தாம் நாளும் மற்றது அடுத்த மழைக்கும் முளைக்கும். இந்தப் பின்தங்கல்தான் கண்ணுக்குத் தெரியாத பெரிய இழப்பு. பக்கத்துச் செடியைவிட இரண்டு இலை பின்தங்கிய செடி கடைசிவரை அதை எட்டிப் பிடிக்காது. நிழலில் நின்று உரத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, பொக்கைக் கதிரோ மலட்டுத் தண்டோ ஆகும். பத்து நாள் கழித்து இடைவெளிகளில் விதை ஊன்றி நிரப்புவதில் பயனில்லை என்று சொல்வதும் இதனால்தான். நிரப்புவதானால் முளைப்பு தெரிந்த உடனே, ஊறவைத்த விதையால் நிரப்ப வேண்டும். ஆழம் குறைந்து 2 செ.மீ.-க்குள் விழுந்தாலும் கெடுதல்: நிலையான வேர்கள் மேல் மண்ணில் உருவாகி, அது காய்ந்தால் வேர் இறங்காமல் செடி காற்றில் ஆடும்.

விதை அளவை எடையால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஆயிரம் விதையின் எடை ரகத்துக்கும் தரம் பிரிப்புக்கும் ஏற்ப 250 முதல் 350 கிராம் வரை மாறும். 300 கிராம் என்றால் 8 கிலோவில் ஏறக்குறைய 26,600 விதை இருக்கும்; 350 கிராம் என்றால் 22,800 மட்டுமே. பை வாங்கியதும் நூறு விதையை ஈரத் துணியில் சுருட்டி வைத்து ஏழாம் நாள் எண்ணிப் பாருங்கள். 90-க்குக் கீழே முளைத்தால் அந்த விகிதத்தில் கூட்டிப் போட வேண்டும். 80-க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பையில் உள்ள சீட்டு, குவியல் எண், ரசீது மூன்றையும் அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். போலி விதை என்று பிறகு நிரூபிக்க உங்கள் கையில் வேறு ஒன்றும் இருக்காது. பாசன வசதி உறுதியாக இருந்தால் ஏக்கருக்கு 26,000 முதல் 30,000 செடி, மழையை மட்டும் நம்பினால் 18,000 முதல் 20,000 என்பது பொதுவாகப் பாதுகாப்பான எல்லை. தண்ணீர் இல்லாத நிலத்தில் நெருக்கி நட்டால், பூக்கும் நேரத்தில் எல்லாச் செடியும் சேர்ந்து தவிக்கும்.

எந்த ஒட்டு என்ற கேள்விக்கு வருகிறேன். பெயரைவிட வயதுதான் முதல் கேள்வி. பொதுவாக வயது கூடினால் மகசூல் கூடும், ஏனென்றால் இலை வெயிலைப் பிடிக்கும் நாட்கள் கூடுகின்றன. ஆனால் 90 நாளில் தண்ணீர் தீர்ந்துவிடும் நிலத்தில் 115 நாள் ஒட்டைப் போட்டால், மணி நிரம்பும் கட்டத்தில் காய்ந்து, குறுகிய வயது ஒட்டைவிடக் குறைவாகவே கிடைக்கும். அடுத்து உங்கள் பகுதியில் வழக்கமாக வரும் நோய்க்கு, அது இலைக்கருகலோ அடிச்சாம்பலோ தண்டழுகலோ, தாங்குதிறன் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தண்டின் உறுதி. பையின் மேல் போட்டிருக்கும் 40 குவிண்டால் என்பது நல்ல நிலத்தில், முழுக் கவனிப்பில் கிடைத்த உச்சம். அதைச் சராசரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே இடத்தில் ஒரே ஆண்டில் முதலிடம் பிடித்ததைவிட, பல இடங்களில் மூன்று ஆண்டு தொடர்ந்து முதல் ஐந்துக்குள் வந்த ஒட்டு நம்பகமானது. நிலம் முழுக்க ஒரே ஒட்டைப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். 1970-ல் அமெரிக்க மக்காச்சோளப் பரப்பின் மிகப் பெரும்பகுதி ஒரே வகைத் தாய்வழி உயிரணுச் சாறு (சைட்டோபிளாசம்) கொண்ட ஒட்டுகளால் நிரம்பியிருந்தது. அதை மட்டும் குறிவைத்துத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை இனம் பரவி, நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அந்த ஒரே ஆண்டில் அழித்தது.

உரத்தில்தான் செலவும் அதிகம், இழப்பும் அதிகம். ஒரு டன் மணி வயலை விட்டுப் போகும்போது ஏறக்குறைய 12 முதல் 14 கிலோ தழைச்சத்து, 6 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 4 முதல் 5 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதனோடு போகிறது. தட்டையையும் மாட்டுக்கு அறுத்துவிட்டால் சாம்பல்சத்து இழப்பு பல மடங்காகும், ஏனென்றால் அதன் பெரும்பகுதி தட்டையில்தான் இருக்கிறது. பயிர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து டன்னுக்கு 20 கிலோ அளவில் இருக்கும். போட்ட யூரியாவில் பாதி பயிருக்குச் சேர்ந்தாலே நல்ல நிர்வாகம். ஆகவே 30 குவிண்டால் இலக்குக்கு, மண்ணின் சொந்தக் கொடையையும் கணக்கில் வைத்து, ஏக்கருக்கு 80 கிலோ தழை, 30 மணி, 30 சாம்பல் என்பது தொடங்குவதற்கு ஏற்ற ஒரு கணக்கு. மண் பரிசோதனை எண்கள் கையில் இருந்தால் அவற்றுக்கே முன்னுரிமை. நான் சொல்வதை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அதை மூட்டைக் கணக்கில் சொன்னால்: அடியுரமாக 65 கிலோ டி.ஏ.பி., 50 கிலோ பொட்டாஷ், 18 கிலோ யூரியா. ஆறு முதல் எட்டு இலை விரியும்போது, அதாவது ஏறக்குறைய 25-ஆம் நாள், 87 கிலோ யூரியா. 40 முதல் 45-ஆம் நாளில், ஆண்பூ தலைகாட்டும் முன், 43 கிலோ யூரியா. இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. ஆறு இலை வரை பயிர் தன் மொத்தத் தழைச்சத்துத் தேவையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை. எட்டாம் இலையிலிருந்து, கதிரின் நுனியில் பட்டு நூல் போல நீளும் பட்டிழை வரும் வரையிலான ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் இழுத்துக்கொள்கிறது. முழு யூரியாவையும் அடியுரமாகப் போட்டால் மழையும் பாசனமும் அதைக் கீழே இறக்கிவிடும். கடைசிவரை தள்ளிப்போட்டால் கதிரின் அளவு அதற்குள் முடிவாகியிருக்கும். ஒரு கதிரில் எத்தனை வரிசை என்பது ஏழெட்டு இலைப் பருவத்திலேயே முடிவாகிறது; வரிசைக்கு எத்தனை மணி என்பது பட்டிழை வருவதற்கு ஒரு வாரம் முன்வரை முடிவாகிக்கொண்டே போகிறது. வரிசை பெரும்பாலும் ரகத்தின் குணம். மணி எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கிறது.

போடும் விதத்திலும் பாதி பலன் இருக்கிறது. ஈரமான மண்ணின் மேல் யூரியாவை வீசிவிட்டு மூடாமல் விட்டால், வெயிலில் அது அம்மோனியாவாகப் பறக்கும். களர்த் தன்மை உள்ள மண்ணில் இழப்பு இன்னும் கூடும். தண்டிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில் கோடு இழுத்துப் போட்டு மூடி, மண் அணைத்து, பிறகு தண்ணீர் விடுங்கள். குருத்துக்குள் யூரியா விழுந்தால் இலை கருகும். அடியுரம் விதையைத் தொடக்கூடாது. விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டில், 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தொட்டால் முளைவேர் கருகி எண்ணிக்கை குறையும், பழி விதையின் மேல் விழும்.

பயிரே தன் பசியைச் சொல்லும். அடி இலையின் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்து. இளஞ்செடி ஊதா நிறம் ஏறி நின்றால் மணிச்சத்தாக இருக்கலாம். ஆனால் குளிரிலும் சில ஒட்டுகள் அப்படி மாறும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. புது இலையின் அடிப்பகுதியில், நடு நரம்பின் இருபுறமும் வெளுத்த பட்டை ஓடினால் அது துத்தநாகக் குறை. மக்காச்சோளம் இதற்கு மிகவும் இளகிய பயிர். அடியுரத்தோடு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள். டி.ஏ.பி.-யோடு கலந்தால் இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். குறை தெரிந்த பிறகு என்றால் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து இலை நனையத் தெளிக்கலாம்.

களையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாள் வரை வயல் சுத்தமாக இருந்தால் போதும். அதற்குப் பின் பயிரின் நிழலே களையை அடக்கும். அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு அனுமதி உள்ள இடங்களில் அதை விதைத்த மூன்று நாளுக்குள், ஈர மண்ணில், பின்னோக்கி நடந்தபடி தெளிக்க வேண்டும். பயறு வகையை ஊடுபயிராகப் போட்டிருந்தால் அட்ரசின் கூடவே கூடாது.

படைப்புழு தனி விஷயம். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இந்தப் புழு 2016-ல் ஆப்பிரிக்காவிலும் 2018-ல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. இன்று மக்காச்சோளம் விளையும் பெரும்பாலான வெப்ப நாடுகளில் நிலைத்துவிட்டது. தலையில் தலைகீழ் ஒய் எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் அடையாளம். தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு ரோமத்தால் மூடும். குஞ்சுப் புழு முதலில் இலையின் பச்சையை மட்டும் சுரண்டும், இலை கண்ணாடி போல வெளுக்கும். அந்த வாரம்தான் உங்களுக்கு வாய்ப்பு. குருத்தில் மரத்தூள் போல எச்சம் குவிந்துவிட்டால் புழு பெரிதாகி உள்ளே அடைந்துவிட்டது என்று பொருள். எச்சமே அடைப்பாகி மருந்தை உள்ளே விடாது. முளைத்த பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை குறுக்கும் நெடுக்குமாக நடந்து நூறு செடி பாருங்கள். பத்துச் செடியில் புதிய சேதம் இருந்தால் காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் இறங்குமாறு தெளிக்க வேண்டும். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. லிட்டருக்கு 0.4 மி.லி., எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. 0.4 கிராம், ஸ்பைனிடோரம் 11.7 எஸ்.சி. 0.5 மி.லி. ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. உங்கள் நாட்டில் பதிவு பெற்றவையா என்று பார்த்து, லேபிள் அளவையும், தெளித்ததிலிருந்து அறுவடை வரை விட வேண்டிய காத்திருப்புக் காலத்தையும் மீறாமல், ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்காமல் மாற்றுங்கள். இலை கிழிந்து தொங்குவதைப் பார்த்துப் பதறி நான்கைந்து முறை அடிப்பவர்கள் உண்டு. குருத்து உயிரோடு இருந்தால் பயிர் தேறிவிடும். கிழிந்த இலையின் தோற்றம் காட்டும் அளவுக்கு மகசூல் குறைவதில்லை.

இப்போது மகசூலை ஒரே வாரத்தில் காலி செய்யக்கூடிய கட்டம்: பூக்கும் பருவம். ஒவ்வொரு பட்டிழையும் ஒரு மணிக்கான குழாய். கதிரின் அடிப்பகுதி மணிகளின் இழைதான் முதலில் வெளியே வரும், நுனி மணிகளின் இழை கடைசியில் வரும். ஆண்பூ ஒரு வாரம் மட்டுமே மகரந்தம் உதிர்க்கும். செடிக்குத் தண்ணீர் போதாமல் போனால் ஆண்பூ தன் நாளில் வந்துவிடும், பட்டிழை மட்டும் தாமதிக்கும். இழை வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். இந்த நாட்களில் பயிர் ஒரு நாளைக்கு 7 முதல் 8 மில்லி மீட்டர் தண்ணீர் குடிக்கும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் 7 மி.மீ. என்பது 28,000 லிட்டருக்கு மேல். பட்டிழை வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து வந்த பின் இரண்டு வாரம் வரை மண் காயவே கூடாது. உங்களிடம் இருக்கும் தண்ணீர் குறைவு என்றால், வளரும் பருவத்தில் ஒரு பாசனத்தைத் தள்ளிப்போட்டாவது இந்த மாதத்துக்கு மிச்சம் பிடியுங்கள். நேர்மாறாக, முளைத்த முதல் மூன்று வாரத்தில் தண்ணீர் தேங்குவதுதான் ஆபத்து. அப்போது வளர்நுனி மண்ணுக்குள் இருக்கிறது. வெயில் காலத்தில் இரண்டு நாள் தேங்கினாலே செடி சாகலாம். பார் பிடித்து விதைப்பதன் முதல் பயன் வடிகால்.

உரித்த கதிர் நடந்ததை அப்படியே காட்டும். நுனியில் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் மணி இல்லை என்றால் கவலை வேண்டாம். எல்லாக் கதிரும் நுனிவரை நிறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நெருக்கி நட்டிருக்கலாம் என்றுதான் அர்த்தம். நுனியில் மூன்றில் ஒரு பங்கு பொக்கை, ஆனால் அங்கே சுருங்கிய மணிகள் இருக்கின்றன என்றால், கரு பிடித்த பின் தண்ணீரோ தழைச்சத்தோ போதாமல் செடி அவற்றைக் கைவிட்டிருக்கிறது. மணியே தோன்றாமல் வெறும் கட்டை தெரிந்தால் மகரந்தம் சேரவில்லை. அங்கங்கே சிதறிய மணி என்றால் கடும் வெயில், அல்லது பூச்சி பட்டிழையை வெட்டியது. மகரந்தம் உதிர்ந்து நான்கைந்து நாள் கழித்து ஒரு கதிரைப் பறித்து, உறையை மெதுவாக நீக்கி, கதிரை உலுக்கிப் பாருங்கள். உதிர்ந்து விழும் இழைகளின் மணிகள் கருவுற்றவை. ஒட்டிக்கொண்டு நிற்பவை இன்னும் கருவுறாதவை.

அறுவடையில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. மணியின் அடியில் கருப்புப் படலம் தெரிந்தால் பயிர் முதிர்ந்துவிட்டது, ஆனால் அப்போது ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ எடை போட்டது, 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் 907 கிலோதான். பக்கத்து வயலோடு ஒப்பிடும்போது ஈர அளவைச் சேர்த்து ஒப்பிடாவிட்டால் இல்லாத வித்தியாசம் தெரியும், இருக்கும் வித்தியாசம் மறையும். சேமிப்பதற்கு 12 முதல் 13 சதவீதத்துக்குக் கீழே காய வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். அது கோழிக்கும் ஆகாது, மனிதருக்கும் ஆகாது, சமைத்தாலும் போகாது.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வரிசை இடைவெளியை 60-க்கும் கீழே குறைப்பது, இரட்டை வரிசை நடவு ஆகியவற்றின் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், வளர்ச்சி ஊக்கிகள் சில சோதனைகளில் கூட்டுகின்றன, பலவற்றில் வித்தியாசமே இல்லை. அடிப்படை சரியாக இருக்கும் வயலில் கடைசியாக முயல வேண்டியவை அவை. இலைவழி யூரியா பற்றி மட்டும் கணக்கே பதில் சொல்லும்: 2 சதவீதக் கரைசல் 200 லிட்டர் தெளித்தால் உள்ளே போவது 4 கிலோ யூரியா, அதாவது 2 கிலோவுக்கும் குறைவான தழைச்சத்து. தற்காலிகமாகத் தாங்கும், மேலுரத்துக்கு மாற்றாகாது. உழாமல் விதைப்பது மண்ணுக்கும் ஈரத்துக்கும் நல்லது, ஆனால் முதல் சில ஆண்டுகளில் மகசூல் கூடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் நிலம் மானாவாரியாக இருந்து, மேலுரத்துக்குக் கையில் காசு நிச்சயமில்லை என்றால், ஒட்டு விதைக்குப் பதில் நல்ல திறந்த மகரந்தச் சேர்க்கை ரகம் போடுவது பின்னடைவு ஆகாது. அதில் விதை எடுத்து வைக்கலாம். வேறு மக்காச்சோளம் 200 மீட்டருக்குள் இல்லாத வயலில், நடுப்பகுதியிலிருந்து, சாயாத நோயற்ற செடிகளின் கதிர்களை நூறுக்குக் குறையாமல் எடுத்து, நடுப்பகுதி மணிகளைக் கலந்து வையுங்கள். நாலைந்து கதிரில் மட்டும் எடுத்தால் சில தலைமுறையில் உள்ளினச் சேர்க்கையால் ரகம் மெலிந்துவிடும்.

அடுத்த பட்டத்தில் நிலம் முழுக்க மாற்ற வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போடும் அதே ஒட்டை ஒரு பட்டையில் உங்கள் பழைய இடைவெளியிலும் உரத்திலும், பக்கத்துப் பட்டையில் 60-க்கு 25 இடைவெளியிலும் மேலே சொன்ன உரப் பிரிவிலும், மூன்றாவது பட்டையில் அதே முறையில் இன்னொரு ஒட்டையும் விதையுங்கள். பட்டைகள் வயலின் முழு நீளத்துக்கும், எட்டு வரிசை அகலத்துக்கும் இருக்கட்டும். எடை போடும்போது இரு பக்கமும் ஓர வரிசைகளை விட்டு நடு நான்கு வரிசையை மட்டும், ஈர அளவையும் குறித்துக்கொண்டு போடுங்கள். முதல் பட்டைக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் முறையின் பங்கு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் விதையின் பங்கு. மூன்றாம் வாரச் செடி எண்ணிக்கை, கதிர் எண்ணிக்கை, மண் பரிசோதனை முடிவு, இந்தப் பட்டைகளின் எடை ஆகியவற்றை இங்கே போட்டால், அடுத்து எதைத் தொட வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.